அத்தான் வாங்கிய உல்லாசப் படகு

அத்தானுக்கு நீச்சல் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடற்கரைக்குப் போனால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஈர மணல் ஆரம்பிக்கிற இடத்திலேயே நின்றுவிடுவார். அலை கொஞ்சம் நீளமாக வந்துவிட்டால் பின்னால் நகர்ந்து, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்ப்பார். அப்படிப்பட்ட மனிதர்தான் படுக்கை, சோபா, சமையல் மேடை, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற மோட்டார் படகு ஒன்றை வாங்கித் தொலைத்தார்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். பெயிண்ட் கடைக்காரர். ஒரு இரும்புக் கடையின் குடோனில் டப்பா அடுக்குகிற வேலையில் சேர்ந்து, வாயாலேயே மேலே வந்தவர். ஒரே ஒரு ஜன்னலுக்குப் பெயிண்ட் வாங்க வந்தவரிடம் அவர் பேச்சுக் கொடுத்தால், அந்த ஆள் வீடு முழுவதற்கும் வாங்கிக்கொண்டு, சுரண்டுவதற்கு உப்புத்தாளையும் வாங்கிக்கொண்டுதான் படியிறங்குவார். துருவா, விரிசலா, ஈரக்கசிவா, எதுவானாலும் இரண்டு கோட் அடித்தால் சரியாகிவிடும் என்பது அவருடைய சித்தாந்தம். பூசி மெழுகுவதைத் தொழிலாகவும் வைத்திருந்தார், குணமாகவும் வைத்திருந்தார்.

கடையில் உண்மையான வேலை செய்தவள் அக்கா. ஒரு திரைச்சீலைத் துண்டையோ உடைந்த டைல்ஸ் சில்லையோ கொண்டுவந்து இதே நிறம் வேண்டும் என்பார்கள். அக்கா அதை வாசல் வெளிச்சத்தில் ஒருதரம் திருப்பிப் பார்ப்பாள். அப்புறம் இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று ஊற்றிக் கலக்கிக் கொடுப்பாள். காய்ந்த பிறகு எது பழையது எது புதியது என்று சொல்ல முடியாது. அதற்கான பாராட்டை முன்னால் நின்று வாங்கிக்கொள்வது அத்தான். அக்கா பின்னால் குச்சியைத் துடைத்துக்கொண்டிருப்பாள். கல்யாணமான புதிதில் அவளும் வாய் திறந்து பார்த்தவள்தான். "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு, பிறகு திறப்பதை விட்டுவிட்டாள்.

நான் அதே தெருக்கோடியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு மேலேயே வாடகைக்குக் குடியிருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், அக்காவின் கல்யாணத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டேன், போதும் என்பேன். அப்பா விட்டுப்போன வீடு பெண்கள் எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. அதில் அக்காவும் அத்தானும் இருந்தார்கள். நானும் அதை என்னுடையது என்று கேட்டதில்லை. அக்கா அந்த வீட்டில்தான் பிறந்தாள், அதன் சுவர்களைத்தான் சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

படகுப் பைத்தியம் அத்தானுக்கு ஒரு விருந்தில் பிடித்தது. துறைமுகத்துக் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற காண்டிராக்டர் ஒருவர் இவரைப் படகுத்துறைக்கு அழைத்துப் போயிருந்தார். அங்கே ஒரு பல் டாக்டர் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு தன் படகிலிருந்து இறங்கி வந்தாராம். காவலாளி சல்யூட் அடித்தானாம். அவ்வளவுதான். அன்றிலிருந்து அத்தானுக்குத் தூக்கம் போய்விட்டது. அவருக்கு வேண்டியிருந்தது கடல் இல்லை, அந்த சல்யூட். பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிற கடை முதலாளிக்கு அது கிடைக்கவே இல்லையாம். காவலாளிக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பல் டாக்டரும் அந்தப் படகை விற்கத்தான் காத்திருந்தார் போலிருக்கிறது. பழைய படகு வாங்குவதற்கு ஒரு முறை இருக்கிறதாம். பிறகு படகுப் பட்டறையில் சொன்னார்கள். கிரேன் வைத்துத் தண்ணீரிலிருந்து தூக்கி, விவரம் தெரிந்த ஒருவரை விட்டு அடிப்பாகத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பிப் பார்க்க வேண்டும். அலையுள்ள இடத்துக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்க வேண்டும். அத்தான் இதில் எதையும் செய்யவில்லை. பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். "என்னா ஃபினிஷிங்" என்றார். வாங்கிவிட்டார். பல் டாக்டர் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் அவருடைய கடைவாய்ப் பல் வரைக்கும், கூடப் போயிருந்த எனக்குத் தெரிந்தது.

படகு வந்ததும் வெள்ளை ஷூ வந்தது. நங்கூரம் போட்ட தொப்பி வந்தது. தெருவில் அவருக்குக் கப்பல்காரர் என்று பெயர் வந்தது. கிண்டலாக வைத்த பெயர். அவர் அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டார். வராமல் போனது கண்ணாடி மட்டும்தான். கிட்டத்தில் உள்ள எழுத்து எதுவும் அவருக்குத் தெரியாது என்பது டப்பாவைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்கிற தினுசிலேயே எனக்குத் தெரியும். பரிசோதிக்கலாம் வாருங்கள் என்று ஒருநாள் கூப்பிட்டேன். வந்தார். வந்தவர், காத்திருக்கிற பெஞ்சில் வேறு யாரோ படித்ததைக் கேட்டு எழுத்து வரிசையை மனப்பாடம் செய்துவைத்துக்கொண்டு, கடகடவென்று ஒப்பித்தார். அட்டையை மாற்றினேன். அதற்கும் அதே வரிசையை ஒப்பித்தார். நான் சிரித்துவிட்டேன். கோபித்துக்கொண்டு எழுந்து போனார். கப்பல் ஓட்டுகிறவன் கண்ணாடி போட்டால் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று அக்காவிடம் கேட்டாராம்.

படகு வைத்திருப்பது என்றால் என்ன என்று எனக்கு அப்போது தெரியாது. அவருக்கும் தெரியாது. யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, யானையாவது தின்றுவிட்டு நிற்கும். இது நின்றுகொண்டே கெட்டுப்போகும். உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்னும், வெயில் பிளாஸ்டிக்கைத் தின்னும், சோபாவுக்கு அடியில் பூசணம் பூக்கும். வெளியே போய்வந்தால் முழுவதையும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். போகாமல் இருந்தாலும் இன்ஜினைக் கிளப்பி ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் அது கோபித்துக்கொள்ளும். அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டும். கக்கூஸுக்குக் கையால் அடிக்கிற பம்ப்; அது அடைத்துக்கொண்டால் முதலாளியே குனிய வேண்டும். முதலாளி குனிய மாட்டார். அக்கா குனிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குக் கடையிலிருந்து விடுமுறை என்பது போய், படகில் வேலை என்று ஆயிற்று. மேல்தளத்தைத் தேய்த்துக் கழுவுவாள். ஜன்னல் திரைகளைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து துவைப்பாள். அத்தான் மேலே ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து, துறையில் நடந்து போகிறவர்களுக்கெல்லாம் கையாட்டுவார். கயிறு அவிழ்க்காமலே கடல் பயணம். காண்டிராக்டர்களையும் கட்டட மேஸ்திரிகளையும் கூட்டிவந்து, ஃபிரிட்ஜைத் திறந்து குளிர்ந்த பாட்டிலை எடுத்துக் கொடுப்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. அந்த ஃபிரிட்ஜுக்காகக் கரையிலிருந்து இழுத்த மின்சார வயர் ராவும் பகலும் படகில் செருகியே இருக்கும். பிடுங்கச் சொன்னால் விருந்தாளி வந்தால் என்ன செய்வது என்பார்.

ஒருதரம் நிஜமாகவே வெளியே போனோம். நானும் போனேன், என் தலையெழுத்து. துறைமுகச் சுவரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ஒரு பிளாஸ்டிக் பை தண்ணீர் இழுக்கிற வாயில் சிக்கி, இன்ஜின் சூடேறிப் புகை விட்டு நின்றுவிட்டது. படகு குறுக்கே திரும்பி ஆட ஆரம்பித்தது. அத்தானின் முகம் அவர் கடையில் விற்கிற எந்த வெள்ளையையும் விட வெள்ளையாக இருந்தது. கடைசியில் ஒரு மீன்பிடிப் படகு கயிறு போட்டு இழுத்துவந்தது. துறை கண்ணுக்குத் தெரிந்ததும் அத்தான் எழுந்து, தொப்பியைச் சரிசெய்து, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு இடமும் வலமுமாகத் திருப்பினார். முன்னால் ஒருவன் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகிறான், இவர் பின்னால் ஓட்டுகிறார். துறையில் நின்றவர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். எனக்குத்தான் மானம் போயிற்று, அவருக்குப் போகவில்லை.

அந்தப் பயணத்துக்குப் பிறகு அக்கா படகில் ஏறினாலே குமட்டுகிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். கட்டிப்போட்ட படகிலுமா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். பகலில் வேலை செய்கிற நேரத்துக்குப் பொறுத்துக்கொள்ளலாமாம், படுத்தால்தான் வருமாம். அத்தானோ தனியாக அங்கே படுக்கிற ஆள் இல்லை. ஆக அந்த அருமையான படுக்கையில் ஒருவரும் ஒருநாளும் தூங்கவில்லை.

இந்தப் பக்கம் வீடு என்ன கதியில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஊருக்கே பெயிண்ட் விற்கிறவர் வீட்டில் சுவர் உரிந்து தொங்கியது. படுக்கையறைக் கூரை ஒழுகியது. மழை பெய்தால் அக்கா கட்டிலின் மேல் ஒரு வாளியை வைத்துவிட்டு, மிச்சமிருக்கிற இடத்தில் ஒருக்களித்துப் படுப்பாள். மொட்டைமாடிக்கு ஒரு பூச்சுப் பூசினால் தீர்ந்துவிடும் சமாச்சாரம். அந்தச் சாமான் அவர் கடையிலேயே அடுக்கி வைத்திருந்தது. ஆனால் கையிருப்பும் ஆள்பலமும் படகுக்கே போய்க்கொண்டிருந்தன. ஒழுகாத படுக்கையறை ஒன்று தண்ணீரில் சும்மா கிடக்க, தரையில் இருக்கிற படுக்கையறையில் தண்ணீர் கொட்டியது.

அப்படி ஒரு மழைநாளில் நான் சாப்பிடப் போயிருந்தேன். வாளியில் சொட்டுகிற சத்தம் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. அத்தான் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, மேலே பார்த்து, பெரிய தத்துவம் கண்டவர் போல அறிவித்தார்.

"இந்த வீடு இனிமே தாங்காது. வித்துட்டு நாம போட்லயே போயி இருந்துடலாம்."

நான் விளையாட்டு என்று நினைத்தேன். விளையாட்டு இல்லை. இன்ஜினை மாற்ற வேண்டுமாம், மேல்தளத்தில் புதுக் கூடாரம் போட வேண்டுமாம், அதற்கெல்லாம் வீடு போனால்தான் வழியாம். வெளிநாட்டில் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் படகில்தான் குடியிருக்கிறார்களாம். பின்தெரு ஃபர்னிச்சர் கடைக்காரர் இடத்தைக் குடோனுக்குக் கேட்கிறார் என்றும், பேச்சு முடிந்த மாதிரிதான் என்றும், என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்றும் சொன்னார். குடோன் என்றால் வீட்டை இடித்துவிடுவார்கள். அதை அவர் சொல்லும்போது அக்கா எழுந்துபோய் வாளியைக் கொட்டிவிட்டு வந்தாள்.

நான் போட மாட்டேன் என்று அங்கேயே சொன்னேன். அத்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனார். அக்கா என்னை வாசல் வரை கொண்டுவிட வந்தாள். உனக்கு இந்த வீட்டை விட்டுப் போக இஷ்டமா என்று நேராகவே கேட்டேன். அவள் கதவின் உரிந்த பெயிண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

"போட்டுடுறேன்னு சொல்லு. இல்லன்னா தினமும் இதே பேச்சா இருக்கும்" என்றாள். "ஆனா அவசரப்படாத. மழை முடியட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மண்ணாந்தை, உன்னை மாதிரி ஆட்களால்தான் இவரை மாதிரி ஆட்கள் உருவாகிறார்கள் என்று சத்தம் போட்டுவிட்டு வந்தேன். தெருவெல்லாம் கேட்டிருக்கும். அவளே கேட்கிறாள் என்றால் நான் யார் தடுக்க? எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று சம்மதம் சொல்லிவிட்டேன்.

அந்த வாரமே அக்கா என் கடைக்கு வந்தாள். டப்பாவின் பொடி எழுத்துத் தெரியாமல், ஒரு வாடிக்கையாளருக்குக் கலக்கிய நிறம் தப்பிப் போய்விட்டதாம். அவளுக்கு அப்படி ஆனதே இல்லை. பார்த்தேன், கிட்டத்தில் பார்க்கிற பார்வை நன்றாகவே குறைந்திருந்தது. நல்ல கண்ணாடியாகப் போட்டுக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு என் கடைச் சுவரில் ஒட்டியிருந்த பொடி எழுத்து விளம்பரங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் படித்துப் பார்த்தாள். அவள் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

வருஷத்துக்கு ஒருதரம் படகைக் கரையேற்ற வேண்டும். கிரேன் வைத்துத் தூக்கிக் கட்டைகள் மேல் உட்கார வைத்து, அடியில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டி, மறுபடி ஒட்டாமலிருக்க அதற்கென்று உள்ள சிவப்புப் பெயிண்டை அடிப்பார்கள். முந்தின வருஷம் பட்டறை ஆட்களே செய்தார்கள். குடிபோகப் போகிற வருஷம் என்பதால் இந்தத் தடவை அத்தான் தானே இறங்கினார். பெயிண்ட் விஷயத்தில் எனக்கு இவனுங்க சொல்லித்தர வேண்டாம் என்று பட்டறைக்காரரைத் தள்ளி நிற்கச் சொன்னார். பட்டறைக்காரரும் நல்லதாப் போச்சு என்று டீ குடிக்கப் போய்விட்டார். அவர் ஒன்றும் இவருக்குக் குறைந்தவர் இல்லை. சுரண்டுகிற வேலைக்கு மட்டும் கூலி வாங்கிக்கொண்டு, புது ஜிங்க் கட்டிகளை மாட்டிவிட்டுக் கழன்றுகொண்டார்.

ஜிங்க் கட்டி என்பது இந்தக் கதைக்கு முக்கியம், அதனால் சொல்கிறேன். படகின் அடியில் புரொப்பெல்லர் பக்கத்திலும் வேறு சில இடங்களிலும் சோப்புக்கட்டி அளவில் சாம்பல் நிற உலோகத் துண்டுகளைத் திருகி வைப்பார்கள். கடல் தண்ணீர் ஏதாவது ஓர் உலோகத்தைத் தின்றுகொண்டே இருக்கும். முதலில் அது இந்த ஜிங்கைத் தின்னும். இதைத் தின்கிற வரைக்கும் புரொப்பெல்லரும், தண்ணீர் உள்ளே வருகிற பித்தளைக் குழாய் வாய்களும் பிழைத்துக் கிடக்கும். தேய்ந்துபோனால் புதிது மாட்டுவார்கள். தேய்வதற்கென்றே செய்தது. அதன் முகத்திலேயே பெயிண்ட் அடிக்காதீர்கள் என்று எழுத்துகளை வார்த்தே வைத்திருப்பார்கள். பெயிண்ட் மூடிவிட்டால் தண்ணீர் அதைத் தொடாது. தொடாவிட்டால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அத்தானின் கண்ணுக்கு அந்த எழுத்துத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: அழகான சிவப்பு அடிப்பாகத்தில் அங்கங்கே அசிங்கமாகச் சாம்பல் திட்டு. பட்டறைக்காரன் அரைகுறையாக விட்டுப் போயிருக்கிறான் என்று திட்டிக்கொண்டே எல்லாவற்றுக்கும் சேர்த்து அடித்தார். அக்கா டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம், கலக்கிக் கொடுத்தாளாம். அதோடு விட்டாரா என்றால் இல்லை. உள்ளே தரைப்பலகைக்கு அடியில், கசிகிற தண்ணீர் சேருகிற பள்ளத்தையும் வழவழவென்று வெள்ளை அடித்தார். அந்தப் பள்ளத்தில் தண்ணீர் ஏறினால் தானாக மேலெழும்பிப் பம்பைப் போட்டுவிடுகிற சின்ன மிதவை ஒன்று உண்டு. அதற்கும் சேர்த்து ஒரு இழுப்பு. அது காய்ந்து தரையோடு ஒட்டிக்கொண்டது. வேலை முடிந்ததும் ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார். பளபளவென்றுதான் இருந்தது.

கொஞ்ச நாளில் அக்கா கண்ணாடியின் திருகு தளர்ந்துவிட்டது என்று வந்தாள். இறுக்கும்போது பார்த்தேன், கீல் ஓரத்தில் ஒரு பொட்டுச் சிவப்புப் பெயிண்ட். புதுக் கண்ணாடியை இப்படியா வைத்திருப்பது, டப்பாதானே பிடித்தாய், பிரஷையும் உன் கையில் கொடுத்துவிட்டாரா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. வீடு கைவிட்டுப் போகப் போகிறது, இவள் சிரிக்கிறாள்.

மழை முடிந்தது. அக்கா அடுத்த சாக்குச் சொன்னாள்: வெளியூரில் கட்டிக்கொடுத்திருக்கிற மகள் ஒருதரம் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போகட்டும். மகள் வந்துபோனாள். அப்புறம் பாத்திரங்களைப் பிரிக்க வேண்டும். அப்புறம் முதுகுவலி. அத்தான் பொறுமை இழந்தார். ஃபர்னிச்சர் கடைக்காரர் ஒருநாள் டேப்பைக் கொண்டுவந்து வீட்டை அளந்தார். சமையலறையை அளக்கும்போது அக்கா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். கொஞ்சம் நகருங்கம்மா என்றார். அவள் நகர்ந்தாள். இந்தச் சுவரெல்லாம் எடுத்துவிட்டால் இரும்பு அலமாரிகள் வரிசையாக நிற்கும் என்று அவர் அத்தானிடம் விளக்கினார். அத்தான் தலையாட்டினார். நான் அங்கே நிற்கப் பிடிக்காமல் வெளியே வந்துவிட்டேன். அப்பா கட்டிய சுவர். எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பத்திரத்துக்குத் தேதி குறித்தாகிவிட்டது. அந்த வாரம் நான் அக்காவோடு பேசவில்லை.

குறித்த நாளுக்கு முந்தின காலை, கடை திறந்து ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது ஃபோன் வந்தது. படகுத்துறைக் காவலாளி. முதலாளி எடுக்கவில்லை, அதனால் உங்களுக்குப் போட்டேன் என்றான். உங்க போட்டு உட்கார்ந்துடுச்சும்மா என்றான். எங்கே உட்கார்ந்தது என்று கேட்டேன். தண்ணியிலதான் என்றான்.

போய்ப் பார்த்தோம். துறையில் ஆழம் அதிகமில்லை. அதனால் முழுதாக மூழ்கவில்லை. மேல்தளமும் ஸ்டீயரிங்கும் மட்டும் வெளியே தெரிய, நேராக, கட்டின இடத்திலேயே, ஒரு வம்பும் பண்ணாமல் கீழே போய் உட்கார்ந்திருந்தது. சோபா மெத்தை ஒன்று பக்கத்தில் மிதந்தது. அக்கா துவைத்து மாட்டின திரைகள் தண்ணீருக்குள் ஆடின. அத்தான் துறையின் ஓரத்தில் கயிறு கட்டுகிற இரும்புக் குமிழ் மேல் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். சாதாரணமாக ஒருவர் அப்படி உட்கார்ந்தால் என்ன, கப்பலா கவிழ்ந்துபோச்சு என்று யாராவது கேட்பார்கள். அன்றைக்கு அத்தனை பேர் நின்றிருந்தும் கேட்க முடியாமல் அவஸ்தைப்பட்டார்கள்.

கிரேனைக் கொண்டுவந்து, பெல்ட் போட்டு, தண்ணீர் கொட்டக் கொட்டத் தூக்கினார்கள். பட்டறைக்காரர் அடியில் குனிந்து பார்த்தார். இன்ஜினுக்குத் தண்ணீர் இழுக்கிற பித்தளை வாய் பிஸ்கெட் மாதிரி நொறுங்கியிருந்தது. விரலால் தொட்டதும் இன்னொரு துண்டு உதிர்ந்தது. ஓயாமல் செருகிக் கிடந்த கரண்ட் வயர் வேறு அரிப்பை வேகப்படுத்திவிட்டது என்றார். அப்புறம் புரொப்பெல்லருக்குப் பக்கத்தில் சிவப்பு அடித்த ஒரு மேட்டைத் தட்டிப் பார்த்து, கத்தியால் சுரண்டினார். உள்ளே ஜிங்க் கட்டி, மாட்டின அன்றைக்கு இருந்த மாதிரியே, ஒரு பொடி குறையாமல் இருந்தது. இன்னும் கொஞ்சம் சுரண்டினார். எழுத்துகள் வந்தன. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வாசித்தார். அவருக்கும் உள்ளூரப் பயம், பழி தன் மேல் வந்துவிடுமோ என்று. அதனால் திரும்பவும் ஒருதரம் வாசித்தார்.

அத்தானின் சாயம் வெளுத்துவிட்டது. ஆனாலும் வாய் ஓயவில்லை. எழுதியிருந்தால் யாராவது சொல்லியிருக்க வேண்டாமா என்று பட்டறைக்காரரைக் கேட்டார், காவலாளியைக் கேட்டார். கடைசியில் அக்கா பக்கம் திரும்பினார். அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி இல்லாத அவள் முகத்தைப் பார்த்து, இவளுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, அந்தக் கேள்வியை முழுங்கிவிட்டார்.

இந்தக் களேபரத்தில் மறுநாள் பத்திரம் நடக்கவில்லை. அத்தான் விடுவதாக இல்லை. வீட்டை விற்றால் இதைவிடப் பெரிதாக ஒன்று வாங்கலாம் என்று அன்று சாயங்காலமே ஆரம்பித்தார். ஃபர்னிச்சர் கடைக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நானும் இருந்தேன். அக்கா உள்ளேயிருந்து வந்து, அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, நின்றபடியே சொன்னாள்.

"வீடு விக்கிறதா இல்லீங்க. உங்கள அலைய வெச்சுட்டோம், மன்னிச்சுக்குங்க."

அத்தான் வழக்கமான பதிலைச் சொல்ல வாயைத் திறந்தார். உனக்கு ஒண்ணும் தெரியாது என்பதுவரை வந்துவிட்டது. தெருமுனையில் நாலு பேர் நின்று எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேற்றுக் காலையிலிருந்து இந்த ஊரில் எதுவும் தெரியாதவர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். மீதியை அவர் சொல்லவில்லை. வெள்ளை ஷூவை மாட்டிக்கொண்டு, எங்கே போகிறோம் என்று தெரியாமல் வெளியே போனார்.

இப்போது படகு பட்டறையின் பின்பக்கம் கட்டைமேல் கிடக்கிறது. வாங்குகிறவர் யாராவது வருவார்கள் என்று அத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். பளபளப்பைத் தடவிப் பார்க்கிற இன்னொருவர் எங்காவது இருப்பார், எனக்கு நம்பிக்கை இருக்கிறது. மொட்டைமாடிக்குப் பூச்சுப் பூசியாகிவிட்டது. கட்டிலில் வாளி இல்லை.

போன வாரம் அக்கா கடைக்கு வந்தாள், மறுபடி அதே திருகு. ஆள் யாரும் இல்லை. கண்ணாடியை வாங்கி விளக்கடியில் வைத்துக்கொண்டு, பேச்சுவாக்கில் சொன்னேன்: அன்றைக்குப் பக்கத்தில்தானே நின்றாய், புதுக் கண்ணாடி வேறு போட்டிருந்தாய், அவ்வளவு பெரிய எழுத்து உன் கண்ணில் படவே இல்லையா?

"படிச்சேனே" என்றாள்.

நான் திருப்புளியைக் கீழே வைத்தேன்.

"அவர் மொதல் கோட் அடிச்சாரு. அதுக்கு மேலயும் எழுத்து லேசாத் தெரிஞ்சுது. அவரு பிரஷ்ஷ வெச்சுட்டு டீ குடிக்கப் போனாரு" என்றாள். "ரெண்டாவது கோட் நான்தான் அடிச்சேன்."

உள்ளே யாராவது இருந்து மூழ்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். யார் இருப்பார்கள், எனக்குத்தான் படுத்தால் குமட்டுமே, அவர் தனியாகப் படுப்பாரா என்று பதில் சொன்னாள். கடையில் ஒரு வாடிக்கையாளரிடம் எந்த நிறத்தோடு எதைச் சேர்த்தாள் என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

திருகை இறுக்கினேன். கீல் ஓரத்தில் அந்தச் சிவப்புப் பொட்டு இன்னும் இருந்தது. பிளேடை எடுத்து அதைச் சுரண்டப் போனேன். அக்கா என் கையைப் பிடித்தாள்.

"அத விடு. இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு கடைக்குப் போனாள்.